முளைக்குச்சியும் பிரளயமும்: விலங்குகள் சொல்லும் உலக முடிவுக் கதைகள்

கடலூர் மாவட்டத்துக்காரர்கள்கிட்ட உலகம் எப்போ முடியும்னு கேட்டா சிரிப்பாங்க. ஏற்கெனவே சில தடவை முடிஞ்சிருக்குன்னு தேதி சொல்வாங்க. 2004 டிசம்பர் 26, சுனாமி. 2011 டிசம்பர் 30, தானே புயல். 2015 நவம்பர், வெள்ளம். சுனாமியில் மட்டும் இந்த மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். தானே புயலில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் ஒரே ராத்திரியில் வேரோடு சாய்ந்தன. ஒரு பலா மரம் மறுபடி வளர்ந்து பலன் கொடுக்க எத்தனை வருஷம் ஆகும்னு தெரிஞ்சவங்களுக்கு, அது உலகம் முடிஞ்ச மாதிரிதான்.

கொஞ்ச நாளாக ஒரு வகைக் கதைகளைத் தேடித் தேடிப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். உலகம் அழிகிறது, அதை ஒரு விலங்கு சொல்கிறது அல்லது ஒரு விலங்கின் கண் வழியாக நாம் பார்க்கிறோம். ஆங்கிலத்தில் இந்த வகை நிறையவே இருக்கிறது. தமிழில் குறைவு. ஆனால் இதற்கான வேர்கள் நம்ம ஊரில், அதுவும் கடலூர், சிதம்பரம் பக்கத்தில், ரொம்ப ஆழமாக இருக்கின்றன. அந்த வேர்களில் இருந்து ஏன் அதிகம் முளைக்கவில்லை என்பதுதான் இந்தப் பதிவின் கேள்வி.

அம்மா வைத்த பரீட்சை

முதலில் சொந்தக் கதை. ஏன் இதில் எனக்கு இவ்வளவு அக்கறை என்பது அதைச் சொன்னால்தான் புரியும்.

தானே அடித்த ராத்திரி நாங்கள் சிதம்பரத்துக்கு வடக்கே, வெள்ளாற்றுப் பக்கம் எங்கள் ஊரில் இருந்தோம். அப்போது வீட்டில் மூன்று மாடுகள். கீற்றுக் கொட்டகை. நடுராத்திரிக்கு மேல் காற்று ஊளையிட ஆரம்பித்ததும் அம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். முடிச்சை அவிழ்க்க நேரமில்லை; நனைந்த கயிறு இறுகிப்போயிருக்கும், கை வழுக்கும். இரண்டு மாட்டின் கயிற்றை வெட்டிவிட்டார். மூன்றாவது, செனைமாடு, உள்பக்கமாகக் கட்டியிருந்தது. அதன் கிட்டே போவதற்குள் கொட்டகை சாய்ந்துவிட்டது. அப்பாவும் நானும் அம்மாவை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தோம். விடிந்து பார்த்தபோது வெட்டிவிட்ட இரண்டும் கோயில் மேட்டில் நனைந்து நின்றுகொண்டிருந்தன. செனைமாடு கட்டின இடத்திலேயே, முளைக்குச்சியைச் சுற்றிச் சுற்றி வந்து கயிறு முழுசும் சுருங்கி, தலை மண்ணோடு மண்ணாகக் கிடந்தது.

சில வருஷம் கழித்து அதை ஒரு சிறுகதையாக எழுதினேன். சொல்வது அந்தச் செனைமாடு. வானத்தைப் பார்த்து அது பேசும், மனிதர்களின் பேராசையால் இயற்கை சீறுகிறது என்று விளக்கும், வயிற்றில் இருக்கும் கன்றிடம் மன்னிப்புக் கேட்கும். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு அம்மா சொன்னது:

“இது மாடு பேசற மாதிரி இல்லடா. நீ மாட்டுக்குள்ள உக்காந்துகிட்டுப் பேசற மாதிரி இருக்கு. அந்த நேரத்துல அதுக்கு வானமா தெரியும்? கயிறுதான தெரியும்?”

கதையை மடித்து வைத்துவிட்டேன். ஆனால் இந்த வகைக் கதை எதைப் படித்தாலும் அம்மாவின் அந்தக் கேள்வியைத்தான் இப்போது வைத்துப் பார்க்கிறேன். கயிறு தெரிகிறதா? அதாவது, அழிவு வரும்போது அந்த விலங்கு எதனால் ஓட முடியவில்லை, அந்தக் கயிற்றின் இன்னொரு முனை யார் கையில் இருக்கிறது என்பது கதையில் இருக்கிறதா? இல்லையென்றால் அது விலங்கின் கதை இல்லை, மனிதனின் பிரசங்கம்.

இரண்டு புலியூர்கள்

சரி, ஊருக்கு வருவோம். கடலூரின் பழைய பகுதி திருப்பாதிரிப்புலியூர். சிதம்பரத்தின் பழைய பெயர் பெரும்பற்றப்புலியூர். இரண்டிலும் புலி இருக்கிறது. இரண்டையும் புலிக்கால் முனிவரான வியாக்கிரபாதரோடு சேர்த்துத்தான் தலபுராணங்கள் பேசுகின்றன.

வியாக்கிரபாதர் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். வண்டு வாய் வைப்பதற்கு முன் பூப்பறிக்க வேண்டும். அதற்கு இருட்டிலேயே மரமேற வேண்டும். கால் வழுக்காமல் இருக்கப் புலியின் கால்களை வரமாகக் கேட்டு வாங்கினார். அவரோடு இன்னொருவர் பதஞ்சலி, ஆதிசேஷனின் அவதாரம், இடுப்புக்குக் கீழே பாம்பு. தில்லை வனத்தில் கூத்தைப் பார்க்கக் காத்திருந்து பார்த்தவர்கள் இந்த இருவரும். 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாச்சாரியார் எழுதிய கோயிற் புராணம் இந்தக் கதையை விரித்துச் சொல்கிறது.

ஆடுவது ஐந்தொழில் கூத்து. அதில் அழித்தலும் ஒரு தொழில். ஆடுபவர் கையில் ஏந்தியிருக்கும் நெருப்பு அதற்குத்தான். உலகத்தின் முடிவையும் உள்ளடக்கிய ஒரு நடனத்துக்கு முதல் பார்வையாளர்களாக நம் மரபு உட்கார வைத்தது முழு மனிதர்களை இல்லை. பாதிப் புலி ஒருவர், பாதிப் பாம்பு ஒருவர்.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். ஆடுபவர் உடுத்தியிருப்பது புலித்தோல். தாருகாவனத்து முனிவர்கள் ஏவிய புலியை உரித்து உடுத்தியதாகக் கதை. ஏவிய பாம்புகள் ஆபரணமாயின. ஆக, புலித்தோல் உடுத்தியவர் ஆடுகிறார், புலிக்கால் உடையவர் பார்க்கிறார். பாம்பை அணிந்தவர் ஆடுகிறார், பாம்புடல் உடையவர் பார்க்கிறார். உரிக்கப்பட்ட புலிக்கும் பக்தியில் கலந்த புலிக்கும் நடுவில் என்ன பேச்சு நடந்திருக்கும்? புராணம் அதற்குள் போகவில்லை. போவது அதன் வேலையும் இல்லை. ஆனால் ஒரு கதாசிரியருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்குமா?

இதே வட்டாரத்தில் இன்னும் இரண்டு பிரளயக் கதைகள் உண்டு. ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகர்: நீரில் மூழ்கிய பூமியைக் கொம்பால் தூக்கிக்கொண்டு வந்த பன்றி. மாசி மகத்துக்கு அவர் கிள்ளைக் கடற்கரை வரைக்கும் தீர்த்தவாரிக்கு வருகிறார்; வழியில் கிள்ளை தர்கா சார்பில் முஸ்லிம்கள் மரியாதை செய்வது இன்றும் நடக்கிறது. கொள்ளிடத்தைத் தாண்டினால் சீர்காழி, பிரளயத்தில் தோணியாக மிதந்த ஊர், தோணிபுரம். பன்றி காப்பாற்றுகிறது, தோணி மிதக்கிறது. பைபிளின் நோவா பேழைக் கதையில் மனிதன் விலங்குகளைக் காப்பாற்றுகிறான். இங்கே விலங்கு பூமியையே காப்பாற்றுகிறது. இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

பேழையின் அடித்தட்டில் இருந்து

நோவா கதையைத் தலைகீழாகச் சொன்ன இரண்டு நாவல்களைப் பார்க்கலாம்.

ஒன்று ஜூலியன் பார்ன்ஸ் 1989இல் வெளியிட்ட, பத்தரை அத்தியாயங்களில் உலக வரலாற்றைச் சொல்கிறேன் என்று வேடிக்கையாகத் தலைப்பு வைத்த புத்தகம். அதன் முதல் அத்தியாயத்தைச் சொல்வது ஒரு மரப்புழு. அழைப்பில்லாமல் பேழையில் ஒளிந்து ஏறியது. அது சொல்லும் நோவா குடிகாரன், முன்கோபி. அது சொல்லும் முக்கியமான சேதி: “தூய” விலங்குகளை ஏழு ஏழாக ஏற்றினார்களே, அது பாசத்தால் இல்லை, தூய என்றால் சாப்பிடலாம் என்று பொருள். பேழை ஒரு மிதக்கும் சமையலறை. படிக்கும்போது சிரிப்பு வரும், அப்புறம் சட்டென்று நின்றுவிடும்.

இன்னொன்று கனடா எழுத்தாளர் திமத்தி ஃபின்ட்லி 1984இல் எழுதிய ‘நாட் வான்டட் ஆன் தி வாயேஜ்’. இதில் பாதிக்கு மேல் பார்வை போன ஒரு கிழப்பூனை வருகிறது, பெயர் மோட்டில். நோவாவின் மனைவிக்கு அது உயிர். நோவாவுக்கோ அதன் குட்டிகள் சோதனைப் பொருள்கள். மோட்டில் உலகத்தை வாசனையாலும் சத்தத்தாலும் அறிகிறது. வெள்ளம் என்பது அதற்குக் கடவுளின் தீர்ப்பு இல்லை, பழகிய காட்டின் வாசனைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவது.

பார்ன்ஸின் புழு கெட்டிக்காரத்தனமாகப் பேசுகிறது. வக்கீல் மாதிரி. புழு என்பது அங்கே ஒரு நல்ல வேஷம், அவ்வளவுதான். மோட்டில் அப்படி இல்லை. அம்மாவின் பரீட்சையில் புழு கேள்வி கேட்டுத் தப்பிக்கும். பூனைதான் உண்மையில் பாஸாகும்.

மனிதன் என்றொரு புராணம்

அழிவுக்குப் பிறகு என்ன? கிளிஃபோர்ட் சிமாக்கின் ‘சிட்டி’ (1952) இதில் முன்னோடி. மனிதர்கள் பூமியை விட்டுப் போன பிறகு நாய்களின் நாகரிகம் நடக்கிறது. நாய்க்குட்டிகளுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் எட்டுக் கதைகள்தான் புத்தகம். ஒவ்வொரு கதைக்கும் முன்னால் நாய் அறிஞர்களின் ஆராய்ச்சி முன்னுரை: மனிதன் என்றொரு உயிர் நிஜமாகவே இருந்ததா, இல்லை பழங்கதையா? நகரம் என்றால் என்ன? போர் என்ற சொல்லுக்கு அர்த்தம் என்ன? ஆராய்ச்சிக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு இது தனிச் சுகம். நாம் சிந்துவெளி பற்றிச் சண்டை போடுவது போல அவை நம்மைப் பற்றிச் சண்டை போடுகின்றன.

ஆனால் சிமாக்கின் நாய்கள் நம்மைத் திட்டவே இல்லை. மனிதன் போன பிறகும் அவனுக்காக ஏங்கும் நாய்கள் அவை. பேச்சைக் கொடுத்தது மனிதன், கையாக வேலை செய்ய இயந்திரங்களை விட்டுப் போனதும் மனிதன். கயிறு அறுந்துவிட்டது, ஆனால் கழுத்தில் தடம் இருக்கிறது. அதனால்தான் அந்தப் புத்தகம் இத்தனை வருஷம் கழித்தும் மனதை என்னவோ செய்கிறது என்று நினைக்கிறேன். 2019இல் வந்த கிரா ஜேன் பக்ஸ்டனின் ‘ஹாலோ கிங்டம்’ நாவலில் மனிதரோடு வளர்ந்த ஒரு காகம் சியாட்டில் நகரத்தின் முடிவைச் சொல்கிறது. கலகலப்பான நாவல்தான். ஆனால் அந்தக் காகம் தன்னையே பாதி மனிதனாக நினைத்துக்கொண்டிருப்பதால், மனிதக் குரலில் பேசுவதற்கு ஆசிரியருக்கு அனுமதிச் சீட்டு கிடைத்துவிடுகிறது. தந்திரம் நல்ல தந்திரம்தான், ஆனாலும் தந்திரம்.

பூனாச்சி

தமிழுக்கு வந்தால் முதலில் நிற்பது பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ (2016). ‘மாதொருபாகன்’ சர்ச்சைக்குப் பிறகு எழுத்தை நிறுத்துவதாக அறிவித்தவர், அந்த மௌனத்துக்குப் பின் எழுதிய நாவல். தனக்கு நன்றாகத் தெரிந்த விலங்குகள் ஐந்துதான், அதில் மாட்டையும் பன்றியையும் எழுத முடியாத காலம், மிச்சம் ஆடுதான் என்கிற பொருளில் அவர் முன்னுரையில் சொல்வது வெறும் நகைச்சுவை இல்லை. பூவராகர் ஊர்வலம் போகும் மண்ணில் உட்கார்ந்து அதைப் படித்தால் இன்னும் கொஞ்சம் உறைக்கும்.

பூனாச்சியை ‘உலக முடிவு நாவல்’ என்று யாரும் வகைப்படுத்திப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அரசியல் உருவகம் என்றுதான் பெரும்பாலும் படித்தார்கள். அதற்குக் காரணம் உண்டு: காது குத்தி அடையாளம் போடும் அரசு, வரிசையில் நின்று பதில் சொல்ல வேண்டிய கேள்விகள், கறுப்பு ஆடுகள் இருட்டில் தெரியாது என்பதாலேயே அவற்றின் மேல் சந்தேகம். இதெல்லாம் படிக்கிறவர்களை உடனே நிகழ்காலத்துக்கு இழுத்துவிடும்.

ஆனால் நான் அதை அழிவின் கதையாகவே படிக்கிறேன். ஒரு பஞ்சத்தின் கதை. மழை பொய்க்கிறது, புல் போகிறது, இலை போகிறது, கஞ்சி நீர்த்துக்கொண்டே போகிறது. இடி இல்லை, அலை இல்லை. ஒரு ஆட்டுக்கு உலகம் எப்படி முடியும்? மேய்ச்சல் நிலம் சுருங்கிச் சுருங்கி வாய்க்கெட்டும் தூரத்தில் ஒன்றுமில்லாமல் போய்த்தான் முடியும். பெருமாள்முருகன் அதை அவசரமே இல்லாமல் எழுதுகிறார். ஆடு கடித்துப் பார்க்கும் செடி, குட்டி முட்டிக் குடிக்கும் மடி, பட்டியின் வாடை எல்லாம் அவருக்குத் தெரிந்த உலகம். அதனால் பூனாச்சிக்கு நினைப்பு வரும் இடங்களைவிடப் பசி வரும் இடங்கள்தான் நாவலில் பலமான இடங்கள்.

கயிறு? இருக்கிறது, அதுவும் மிகச் சிக்கலான கயிறு. பூனாச்சியை வளர்க்கும் கிழவனும் கிழவியும் கொடியவர்கள் இல்லை. தாயில்லாக் குட்டியைக் கையில் வைத்துக் காப்பாற்றியவள் கிழவி. காட்டில் வழிதவறிப் போன பூனாச்சி அவளிடம்தான் திரும்புகிறாள். பின்னால் குட்டிகளை விற்பதும் அதே வீடுதான். பாசமும் விலையும் ஒரே கயிற்றில் முறுக்கப்பட்டிருக்கின்றன. கால்நடை வளர்க்கும் எந்த வீட்டிலும் இது தெரியும். எங்கள் வீட்டிலும் தெரியும்: கயிற்றை வெட்ட அரிவாளோடு ஓடியது யாரோ, அன்று சாயங்காலம் அதே கயிற்றைக் கட்டியதும் அவர்தான். அம்மா இதை ஒருநாளும் மறந்ததில்லை.

குறை ஒன்று சொல்ல வேண்டும். பூவன் என்ற கிடாயோடு பூனாச்சிக்கு வரும் காதல், அந்தப் பிரிவின் ஏக்கம், இவை நம் சினிமாவின் ஏக்கத்துக்குப் பக்கத்தில் போய்விடுகின்றன. அந்தப் பக்கங்களில் ஆடு கொஞ்சம் விலகி, உள்ளே ஒரு பெண் தெரிகிறாள். அது ஆசிரியர் வேண்டுமென்றே செய்ததாக இருக்கலாம். ஒரு பெண்ணின் வாழ்க்கையாகவும் இந்த நாவலைப் படிக்க முடியும். ஆனால் பஞ்சப் பகுதிகள் கொடுத்த நம்பிக்கையை இந்தப் பக்கங்கள் கொஞ்சம் செலவழித்துவிடுகின்றன. முடிவைச் சொல்லப் போவதில்லை. படிக்காதவர்கள் படியுங்கள்.

“விலங்குகளுக்கு முன்பே தெரியும்”

இந்த வகைக் கதைகள் நம் கடற்கரையில் ஏன் அதிகம் வரவில்லை? என் ஊகம் ஒன்று: சுனாமிக்குப் பிறகு ஒரு ஆறுதல் கதை அந்த இடத்தை அடைத்துக்கொண்டது. விலங்குகளுக்கு முன்பே தெரிந்துவிட்டது, அவை ஓடிப்போய்விட்டன, மனிதனுக்குத்தான் தெரியவில்லை என்ற கதை. இலங்கையின் யால சரணாலயத்தில் விலங்குகளின் உடல்கள் அதிகம் கிடைக்கவில்லை என்ற செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. ஆனால் யாலவில் ஏற்கெனவே செயற்கைக்கோள் பட்டை மாட்டியிருந்த இரண்டு யானைகளின் நடமாட்டத்தை ஆய்வாளர்கள் பிறகு எடுத்துப் பார்த்தபோது, அவை முன்கூட்டியே உணர்ந்து விலகியதாகத் தெரியவில்லை என்றே எழுதினார்கள்.

அதை விடுங்கள். தெரிந்தது என்றே வைத்துக்கொள்வோம். தேவனாம்பட்டினத்திலோ பரங்கிப்பேட்டைப் பக்கத்துக் குப்பங்களிலோ கட்டிப்போட்ட ஆட்டுக்கும் மாட்டுக்கும் தெரிந்து என்ன பயன்? முன்பே தெரிந்தும் ஓட முடியாதது, தெரியாமல் சாவதைவிடக் கொடுமை இல்லையா? “விலங்குகளுக்குத் தெரியும்” என்று நாம் வியந்து பேசும்போது மனதில் இருப்பது காட்டு யானை, பறவை, பாம்பு. கொட்டகை மனதில் வருவதில்லை. அந்த வியப்பு நம்மைக் குற்றத்திலிருந்து நைசாக விடுவித்துவிடுகிறது.

மரத்துக்குக் கிடைத்த கவனம்கூட மாட்டுக்குக் கிடைக்கவில்லை. கடலூர்க் கரையில் அலையாத்தியும் மற்ற மரங்களும் இருந்த இடங்களில் சேதம் குறைவு என்று 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. பிச்சாவரம் உலகத்துக்குத் தெரிந்தது. அங்கே இன்றும் தில்லை மரம் இருக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த அதே மரம். அதன் பால் பட்டால் கண் போய்விடும் என்பார்கள். புலிக்கால் முனிவர் நடந்த காட்டின் மிச்சம் அது. அந்த உப்பங்கழியின் நரிக்கும் நீர்நாய்க்கும் நண்டுக்கும் அந்த டிசம்பர் காலை எப்படி இருந்திருக்கும் என்று எழுதுவதற்குத் தடை ஒன்றும் இல்லை. கட்டில்லாத விலங்கின் கதையும் வேண்டும்தான். அதற்குப் பக்கத்திலேயே கட்டிய விலங்கின் கதையும் வேண்டும். இரண்டும் ஒரே கதை இல்லை.

கடைசியாக

இந்தப் புத்தகங்களைப் படித்து எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். விலங்கு உலக முடிவைப் பற்றிப் பேசினால் அதற்கு நியாயத் தீர்ப்பு தெரியாது, பருவநிலை அறிக்கை தெரியாது. தெரிந்தது தண்ணீர், வாடை, பசி, குட்டி, கயிறு. அவ்வளவில் நின்று எழுத முடிந்தால் மற்றதெல்லாம் வாசகருக்குத் தானாகவே தெரிந்துவிடும். மோட்டில் இதைச் செய்கிறது, பஞ்சகாலப் பூனாச்சி செய்கிறாள். புழுவும் காகமும் நன்றாகப் பேசுகின்றன, அதுதான் அவற்றின் பிரச்சினை.

என் பழைய கதையை மறுபடி எடுத்திருக்கிறேன். வானம், பேராசை, மன்னிப்பு எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். இப்போது இரண்டே பக்கம்தான் மிச்சம். முளைக்குச்சியைச் சுற்றி எத்தனை சுற்று வந்தால் கயிறு தீரும் என்று தெரிந்துகொள்ள, போன வாரம் ஊருக்குப் போனபோது நிஜமாகவே ஒரு கயிற்றை முளையில் கட்டிச் சுற்றிப் பார்த்தேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதிர்ப்பக்கம் சுத்தியிருந்தா அவிழ்ந்திருக்கும். அதுக்கு யாரு சொல்றது?” என்றார்.

அந்த வரியைக் கதையில் சேர்க்க முடியாது. மாட்டுக்கு அது தெரியாதே.